கடை மேசையில் இருக்க வேண்டிய ஐந்து புத்தகங்கள்

"வியாபாரத்தைப் புத்தகத்தில் படிக்க முடியுமா? கடையில் இருந்துதானே படிக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் எம்மத்தியில் அநேகர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதையும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து விலை பேசுவதையும் எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. ஆனால் கடையில் கற்கும் பாடத்திற்கு ஒரு குறை உண்டு. அதன் கட்டணம் மிக அதிகம். ஒரு பிழையைக் கற்றுக்கொள்ளச் சில வேளை முழு முதலையும் கொடுக்க வேண்டி வருகிறது. அதே பிழையை வேறொருவர் செய்து, அதற்கான விலையையும் அவரே கொடுத்து, அதை எழுதியும் வைத்திருந்தால் அதைச் சில நூறு ரூபாய்களுக்கோ சில ஆயிரங்களுக்கோ வாங்கிக்கொள்வது இலாபகரமான கொள்முதல் அல்லவா?

கடந்த சில வருடங்களில் எமது வியாபாரிகள் பட்டபாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020இல் கொரோனா முடக்கம். 2022இல் பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. இருபது, முப்பது வருடங்கள் நடந்த கடைகள் கூடச் சில மாதங்களில் ஆட்டம் கண்டன. அதே தெருவில் வேறு சில கடைகள் தாக்குப் பிடித்தன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடுதான் இந்த ஐந்து நூல்களையும் இங்கே அறிமுகப்படுத்துகிறேன். சுயநிதி, காசுப்பாய்ச்சல், கடன், புத்தாக்கம், தலைமைத்துவம் என ஐந்து விடயங்களுக்கு ஐந்து நூல்கள்.

1. பணத்தைச் சேர்ப்பதும் காப்பதும் வேறு வேறு

முதல் நூல் மோர்கன் ஹவுசல் எழுதி 2020இல் வெளிவந்த 'த சைக்கோலொஜி ஒஃப் மணி'. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. சிறிய அத்தியாயங்கள், ஒரு நாளைக்கு ஒன்றாகப் படித்துவிடலாம்.

இந்நூல் ரொனால்ட் ரீட் என்ற மனிதரைப் பற்றிக் கூறுகிறது. அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்தவர். 25 வருடங்கள் பெற்றோல் நிலையத்தில் வாகனங்களைப் பழுதுபார்த்தார். 17 வருடங்கள் ஒரு கடையில் தரை கூட்டினார். 2014இல் தனது 92ஆவது வயதில் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற சொத்து 80 இலட்சம் டொலருக்கும் அதிகம். அதில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகை ஊர் வைத்தியசாலைக்கும் நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவருக்குச் சீட்டிழுப்பும் விழவில்லை, பரம்பரைச் சொத்தும் கிடைக்கவில்லை. மிச்சம் பிடித்த சிறு தொகைக்கு நல்ல கம்பனிகளின் பங்குகளை வாங்கி, பல தசாப்தங்கள் பொறுத்திருந்தார், அவ்வளவுதான். இதற்கு எதிர்மாறாக, ஹார்வர்டில் படித்து நிதித்துறையில் உயர் பதவி வகித்த ஒருவர், கடன் வாங்கி மாளிகையைப் பெருப்பித்து, 2008 நெருக்கடியில் வங்குரோத்தானதையும் ஆசிரியர் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

செல்வந்தராவதற்குத் துணிச்சல் வேண்டும், செல்வத்தைத் தக்கவைப்பதற்குப் பயமும் பணிவும் வேண்டும் என்பது இந்நூலின் சாரம். எமது வியாபாரிகளிடம் முதலாவது நிறையவே உண்டு. இரண்டாவதுதான் குறைவு. நல்ல ஒரு நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்த கையோடு வாகனம் மாற்றுகிறோம், வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறோம். அடுத்த ஆறு மாதம் மந்தமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பதில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் எச்சரிக்கை தேவை. ஹவுசல் எழுதுவது அமெரிக்க வாசகருக்கு. அங்கே டொலரில் சேமித்தவரின் நிலை வேறு, இங்கே ரூபாவைப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு 2022இல் நடந்தது வேறு. எனவே "சேமியுங்கள்" என்ற புத்திமதியை அப்படியே எடுத்துக்கொண்டாலும், எந்த வடிவில் சேமிப்பது என்பதை எமது நாட்டு நிலைமைக்கேற்ப நாமே தீர்மானிக்க வேண்டும். ஒரு பகுதி கையில் காசாக, ஒரு பகுதி விரைவில் விற்கக்கூடிய சரக்காக, ஒரு பகுதி காணியாகவோ தங்கமாகவோ எனப் பிரித்து வைத்தவர்களே அந்த வருடத்தில் ஓரளவு தப்பினார்கள். வட்டியைத் தவிர்ப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பு இன்னும் முக்கியம்.

2. வியாபாரம் வளரும்போது காசு ஏன் முடிகிறது?

இரண்டாவது நூல், 'நைக்கி' கம்பனியின் ஸ்தாபகர் பில் நைட் எழுதிய 'ஷூ டோக்'. 2016இல் வெளிவந்தது. பெரிய கம்பனி முதலாளி ஒருவரின் பெருமைக் கதையாக இருக்கும் என்று நினைத்துப் படிப்பவர் ஏமாந்து போவார். இது முழுக்க முழுக்க ஓர் இறக்குமதி வியாபாரியின் கதை. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் பக்கத்துக்குப் பக்கம் தன் கதையைப் படிப்பது போலிருக்கும்.

1962இல் பில் நைட் ஜப்பானுக்குச் சென்று ஒனிட்சுகா என்ற சப்பாத்துக் கம்பனியிடம் அமெரிக்காவில் விற்கும் உரிமையைக் கேட்டார். 1964இல் தனது பழைய பயிற்றுவிப்பாளர் பில் பவர்மனுடன் பங்குசேர்ந்தார். ஆளுக்கு 500 டொலர் முதல். ஓட்டப்போட்டிகள் நடக்கும் மைதானங்களுக்குக் காரில் சப்பாத்துகளை ஏற்றிச்சென்று விற்றார். முதல் வருட விற்பனை 8,000 டொலர் மட்டுமே. பல வருடங்கள் பகலில் கணக்காளராக வேலை செய்துகொண்டேதான் இந்த வியாபாரத்தை நடத்தினார்.

விற்பனை வருடா வருடம் பெருகிக்கொண்டே போனது. ஆனால் கையில் காசு இருக்கவில்லை. வருவதையெல்லாம் அடுத்த சரக்குக்கே போட்டார். வங்கியோ, "நீங்கள் தேவைக்கு அதிகமான வேகத்தில் வளர்கிறீர்கள்" என்று கண்டித்தது. கடைசியில் 1975இல் காசோலைகள் திரும்பி, வங்கி அவரை வெளியேற்றிவிட்டது. நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வர்த்தக நிறுவனம் அந்தக் கடனை அடைத்துக் காப்பாற்றாவிட்டால் இன்று நைக்கி என்ற பெயரே இருந்திராது.

விற்பனை கூடினால் காசும் கூடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். நீங்கள் மாதம் 10 இலட்சம் ரூபாவுக்குச் சரக்கை இரண்டு மாதக் கடனுக்கு விற்கிறீர்கள். எப்போதும் வெளியே நிற்கும் உங்கள் பணம் 20 இலட்சம். விற்பனை மாதம் 20 இலட்சமாக உயர்ந்தால் வெளியே நிற்பது 40 இலட்சமாகிவிடும். நூற்றுக்குப் பத்து இலாபம் என்று வைத்தால், கொள்முதல் விலையில் பார்த்தாலும் மேலதிகமாக 18 இலட்சம் ரூபா உங்கள் பையிலிருந்து போக வேண்டும். மாத இலாபமோ 2 இலட்சம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிந்திய திகதியிட்ட காசோலைகளை எழுதத் தொடங்குகிறோம். நட்டத்தால் மூடிய கடைகளைப் போலவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது காசில்லாமல் மூடிய கடைகளும் உண்டு.

இந்நூலில் இன்னொரு பாடமும் உண்டு. ஒனிட்சுகா கம்பனி வேறு விநியோகஸ்தர்களைத் தேடுகிறது என்று தெரியவந்தபோதுதான் பில் நைட் 1971இல் 'நைக்கி' என்ற சொந்தப் பெயரில் சப்பாத்துச் செய்விக்க ஆரம்பித்தார. இன்று உலகமே அறிந்த அந்தச் சின்னத்தை வரைந்த மாணவிக்கு அன்று கொடுத்தது 35 டொலர். ஒரே ஒரு கம்பனியின் ஏஜென்சியை நம்பி முழு வியாபாரத்தையும் வைத்திருக்கும் சகோதரர்கள் இப்பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

3. 1000 ரூபாக் கடன் ஏன் முடிவதில்லை?

மூன்றாவது நூல் 'ஸ்கார்சிட்டி'. பற்றாக்குறை என்று பொருள். 2013இல் வெளிவந்தது. எழுதியவர்கள் அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும், பிரின்ஸ்டன் உளவியல் பேராசிரியர் எல்டர் ஷஃபீரும். ஐந்திலும் மிகவும் முக்கியமானது எது என்று என்னிடம் கேட்டால் இதையே சொல்வேன்.

சென்னை கோயம்பேடு சந்தையில் வீதியோரம் விற்பனை செய்பவர்களைப் பற்றிய ஒரு கணக்கு இதில் வருகிறது. ஒரு வியாபாரி காலையில் சுமார் 1000 இந்திய ரூபாவுக்குச் சரக்கு வாங்கி, மாலைக்குள் 1100 ரூபாவுக்கு விற்கிறார். இலாபம் 100 ரூபா. ஆனால் அந்த 1000 ரூபாவை அநேகர் நாள் வட்டிக்கு வாங்குகிறார்கள். வட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 சதவீதம். அதாவது இலாபத்தில் சரிபாதி வட்டிக்காரருக்கு. 300 நாட்கள் வியாபாரம் நடந்தால் 1000 ரூபா முதலுக்கு 15,000 ரூபா வட்டி!

இவர் தினமும் தன் பங்கான 50 ரூபாவில் 5 ரூபாவை மட்டும் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? அடுத்த நாள் 995 ரூபாதான் கடன் வாங்க வேண்டும். வட்டியும் சிறிது குறையும். குறைந்த வட்டியையும் அந்த 5 ரூபாவோடு சேர்த்துக்கொண்டே போனால் 50ஆவது நாளில் 1000 ரூபாவும் சொந்த முதலாகிவிடும். அதன்பின் வருமானம் இரு மடங்கு. கடதாசியும் பேனையும் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், அப்போதுதான் நம்புவீர்கள்.

இவ்வளவு இலகுவென்றால் ஏன் அவர்கள் வெளியே வரவில்லை? முல்லைநாதனும் சக ஆய்வாளர்களும் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இத்தகைய வியாபாரிகளின் கடனை முற்றாக அடைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலானோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனில் விழுந்தார்கள். கடனை அடைப்பது மட்டும் தீர்வாகாது என்பதே இதன் பொருள். வீட்டில் ஒரு நோய், உறவினர் கல்யாணம், மழையால் வியாபாரமில்லாத இரண்டு நாட்கள் என ஏதாவது ஒன்று வரும்போது தாங்கிப்பிடிக்கக் கையில் எதுவும் இல்லாவிட்டால் வட்டிக்காரரின் வாசலே மீண்டும் கதி.

இன்னொரு ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தப்பட்டது. அறுவடைக்கு முன், காசில்லாத காலத்தில், அவர்களிடம் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பரீட்சைகள் வைத்தார்கள். அறுவடை முடிந்து காசு கைக்கு வந்தபின் மீண்டும் வைத்தார்கள். அதே மனிதர்கள் இரண்டாவது தடவை தெளிவாகச் சிறப்பாகச் செய்தார்கள். பற்றாக்குறை மனிதனின் மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆசிரியர்களின் முடிவு.

கணக்கு வழக்குத் தொடர்பாகப் பல கடைகளுக்கு நான் செல்வதுண்டு. வெள்ளிக்கிழமை வங்கிக்கு வரவிருக்கும் காசோலையை எப்படிச் சமாளிப்பது என்ற ஒரே யோசனையில் புதன்கிழமை முழுவதும் தொலைபேசியோடு இருக்கும் முதலாளிமாரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவசரமாக நட்டத்துக்குச் சரக்கைத் தள்ளுகிறார்கள். நல்ல ஊழியரிடம் எரிந்து விழுகிறார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அறிவைப் பயன்படுத்த மனதில் இடமில்லை. இந்நூலைப் படித்தபின் அவர்கள் மீது எனக்கிருந்த பார்வையே மாறியது.

4. முதலைப் போடுமுன் சந்தையைக் கேளுங்கள்

நான்காவது நூல் எரிக் ரீஸ் எழுதிய 'த லீன் ஸ்டார்ட்-அப்'. 2011இல் வெளிவந்தது. கணினித்துறையினருக்கென எழுதப்பட்டதால் சில அத்தியாயங்கள் எமக்குப் பயன்படா. அவற்றைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் ஒரு கருத்துக்காகவே இதைப் படிக்க வேண்டும்.

1999இல் நிக் ஸ்வின்மர்ன் என்பவருக்கு இணையத்தில் சப்பாத்து விற்கும் யோசனை வந்தது. அக்காலத்தில் அணிந்து பார்க்காமல் யாராவது சப்பாத்து வாங்குவார்களா என்று எவருக்கும் தெரியாது. அவர் களஞ்சியம் கட்டவில்லை, கொள்கலன் கணக்கில் சரக்கு இறக்கவில்லை. அருகிலுள்ள சப்பாத்துக் கடைக்குச் சென்று அனுமதி கேட்டுப் படம் பிடித்தார். படங்களை இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு சோடியிலும் இலாபமில்லை. ஆனால் மக்கள் வாங்குவார்கள் என்ற உண்மை மலிவாகக் கிடைத்தது. 'சப்போஸ்' என்ற அந்தக் கம்பனியை 2009இல் அமேசன் சுமார் 120 கோடி டொலருக்கு வாங்கியது.

எம்மவர்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பக்கத்து ஊரில் ஒருவர் பேக்கரி வைத்து நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும், நகைகளை அடகு வைத்து, கட்டடம் எடுத்து, வெதுப்பி இறக்கி, பெயர்ப்பலகை போட்டு, திறப்பு விழாவும் வைத்துவிடுகிறோம். வாடிக்கையாளரைப் பற்றிய முதலாவது கேள்வி அதன்பிறகுதான் வருகிறது. முதல் மூன்று மாதம் வீட்டில் செய்து பத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கலாமே! புத்தாக்கம் என்பது பெரிய இயந்திரம் அல்ல. குறைந்த செலவில் கேள்வி கேட்கத் தெரிந்திருப்பதே புத்தாக்கம்.

5. முதலாளி இல்லாத நாளில் கடை எப்படி நடக்கிறது?

ஐந்தாவது நூல் அமெரிக்கக் கடற்படைக் கப்டன் டேவிட் மார்கே எழுதிய 'டேர்ன் த ஷிப் எரவுண்ட்'. 1999இல் 'சாண்டா ஃபே' என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவர் தலைவராகிறார். ஒரு வருடமாக வேறொரு கப்பலுக்கே பயிற்சி பெற்றிருந்தார். இந்தக் கப்பலோ கடற்படையில் மிகவும் பின்தங்கியது எனப் பெயரெடுத்தது.

ஒரு நாள் பயிற்சியின்போது அவர் ஒரு வேகக் கட்டளையைக் கொடுத்தார். அதிகாரி அதை அப்படியே கீழுள்ளவருக்குச் சொன்னார். எதுவும் நடக்கவில்லை. ஏனெனில் அந்தக் கப்பலின் அந்த மோட்டாரில் அப்படியொரு வேகமே கிடையாது! "உமக்கு இது தெரியாதா?" என்று கேட்டபோது, "தெரியும், நீங்கள் சொன்னதால் சொன்னேன்" என்ற பொருளில் பதில் வந்தது. தலைவருக்குத் தெரியாதது ஒன்று, தெரிந்தவர்கள் வாய் திறக்காதது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் கப்பல் கவிழும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

அதன்பின் கட்டளையிடுவதை இயன்றவரை நிறுத்தினார். "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நான் இதைச் செய்ய எண்ணியிருக்கிறேன், காரணம் இது" என்று வந்து சொல்லுமாறு அதிகாரிகளைப் பழக்கினார். முந்திய வருடம் அக்கப்பலில் சேவையைத் தொடர ஒப்பமிட்டோர் 3 பேர். அவர் வந்த வருடம் 36 பேர். அவரின் கீழ் இருந்த அதிகாரிகள் பலர் பிற்காலத்தில் கப்பல் தலைவர்களாகினர்.

எமது கடைகளில் திறப்பும் முதலாளியிடம், விலையும் முதலாளியின் தலையில், கடன்காரர் கணக்கும் முதலாளியின் ஞாபகத்தில். அவர் ஹஜ்ஜுக்குப் போனாலோ வைத்தியசாலையில் இருந்தாலோ கடை பாதி உயிரோடு கிடக்கிறது. பதினைந்து வருடம் கூட இருந்த ஊழியர் விலகிச் சென்று எதிரே கடை திறக்கிறார் என்று குறைப்படுகிறோம். அவருக்கு இங்கே யோசிக்க இடம் கொடுத்தோமா என்று கேட்பதில்லை. பிள்ளைகளை வியாபாரத்துக்குப் பழக்க விரும்பும் தகப்பன்மாருக்கும் இந்நூல் மிகவும் பயன்படும். "வாப்பா, என்ன செய்ய?" என்று மகன் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். "நீ என்ன செய்யலாமென்று நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

வெற்றிக் கதைகளில் உள்ள ஆபத்து

இத்தகைய நூல்களைப் படிக்கும்போது ஒரு விடயத்தை மனதில் வைக்க வேண்டும். 2001இல் ஜிம் கொலின்ஸ் எழுதிய 'குட் டு கிரேட்' என்ற நூல் உலகப் புகழ் பெற்றது. நல்ல நிலையிலிருந்து மிகச் சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என 11 கம்பனிகளை அது காட்டியது. அவற்றில் ஒன்றான 'சேர்க்கிட் சிட்டி' 2008இல் வங்குரோத்தானது. இன்னொன்றான 'ஃபெனி மே' அதே வருடம் அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டது. வென்றவர்களை மட்டும் பார்த்து எழுதும்போது, அதே வழியில் சென்று தோற்றவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே எந்த நூலையும் மார்க்க நூலைப் போல் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. நல்ல வியாபாரி சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல் கருத்தையும் தட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது?

ஐந்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நாளுக்கு பத்துப் பக்கம் போதும். சுபஹுக்குப் பின்னரோ கடை பூட்டிய பின்னரோ ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் புத்தகத்தைச் சுருக்கிச் சொல்லும் காணொளிகளை நம்பியிருக்க வேண்டாம். முடிவு மட்டும் தெரிந்தால் அது மனதில் தங்காது. அந்த முடிவுக்கு ஒருவர் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தார் என்பதே தங்கும். ஆங்கிலம் சிரமமாயின் படித்த மகனையோ மகளையோ வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வியாபாரம் புரியும், உங்களுக்கும் நூல் புரியும். ஒவ்வொரு நூலும் முடிந்ததும், கடையில் மாற்றப்போகும் ஒரே ஒரு விடயத்தை எழுதி வையுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

புத்தகம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியை எடுத்து இந்த மூன்றையும் இன்றிரவே எழுதுங்கள்.

ஒன்று: கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம், வீட்டுச் செலவு ஆகியவற்றின் மாதத் தொகையை 30ஆல் பிரியுங்கள். கையிலுள்ள காசை அதனால் பிரியுங்கள். உதாரணமாக மாதச் செலவு 3,60,000 ரூபா என்றால் நாளுக்கு 12,000. கையில் 1,80,000 இருந்தால் உங்களால் 15 நாட்கள் தாக்குப் பிடிக்கலாம். இந்த நாட்களின் எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான பலம். ஒரு வருடத்தில் அதை இரண்டு மடங்காக்க முயலுங்கள்.

இரண்டு: நீங்கள் கொடுத்துள்ள காசோலைகளையும், உங்களுக்கு வரவேண்டிய கடன்களையும் கிழமை வாரியாக எதிரெதிரே எழுதுங்கள். எந்தக் கிழமையில் பள்ளம் விழுகிறது என்பது இன்றே தெரியும். ஒரு மாதத்துக்கு முன் தெரிந்தால் பேசித் தீர்க்கலாம், முதல் நாள் தெரிந்தால் வட்டிக்காரரிடமே போக வேண்டிவரும்.

மூன்று: உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விடயங்களில் மூன்றை எழுதி, நம்பிக்கையான ஊழியரிடமோ மகனிடமோ ஒப்படையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது எமது மார்க்கமே கற்பித்த ஒழுங்கு. ஸகாத் கணக்குக்காக வருடத்துக்கு ஒரு முறை சரக்கை எண்ணும் வழக்கமுள்ள கடைகளுக்கு இது சிரமமாக இராது.

இந்த மூன்றையும் எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் போதும். எழுதியபின் எந்தக் கணக்கு உங்களைத் திடுக்கிட வைக்கிறதோ, அதற்குரிய நூலை முதலில் வாங்குங்கள்.